உறைக்குள் இன்னொரு உறை

ஒரு பிழை நடந்த இடமும் அதற்குப் பொறுப்பேற்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பது எளிது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கன்னியம்மாவிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. பதில் சொல்ல ஆறு நாள்தான் இருந்தது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது, கடல் ஊரைத் தின்னாமலிருக்கக் கல் கொட்டி வைத்திருக்கும் கரையோரத்து மீனவர் குப்பம். கணவர் பொன்ராஜ் கொருக்குப்பேட்டை சரக்கு யார்டில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் கற்றதெல்லாம் தட்டச்சும் கொஞ்சம் கணினியும். பதினோரு ஆண்டுகளாக ஒரே வேலை. மற்றவர்களுக்கு இணையப் பக்கங்கள் செய்து பராமரிக்கும் சிறிய நிறுவனம் அது. அந்தப் பக்கங்களைப் பற்றி வரும் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு, பதில் சொல்லி, மூட வேண்டும்.

புகாரை மூடும்போது திரையில் ஒரு சிறு பெட்டி வரும். அதில் மூன்று காரணங்கள் இருக்கும்: பயனர் தவறு, பிற மென்பொருளின் தவறு, எங்கள் தவறு. ஒன்றைத் தட்டினால்தான் புகார் மூடும். சீக்கிரம் மூடுகிறவர்களின் படத்தை மாதம் ஒருமுறை சுவரில் மாட்டுவார்கள். கன்னியம்மாவின் படம் ஒன்பது மாதமாக அங்கேயே இருந்தது. அவளுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை.

நிறுவனம் பராமரித்த பக்கங்களில் ஒன்று, அரசுத் துறை ஒன்றுக்காகச் செய்த கடல் பதிவு. படகு கிளம்பும் முன் ஓட்டுகிறவரின் செல்பேசிக்கு ஒரு செய்தி வரும். அதிலுள்ள லிங்க்கை அழுத்தினால் அந்தப் படகின் பெயரோடு பக்கம் திறக்கும். எத்தனை பேர் போகிறார்கள் என்று போட்டால் முடிந்தது. கடல் கெட்டுப்போனால் யாரைத் தேடுவது என்பதை அந்தப் பதிவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அன்று காலை மேலாளர் வெள்ளத்துரை அவளைக் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் மொத்தக் கடை வைத்திருக்க, இவர் மட்டும் கணினிக்கு வந்தவர். கெட்டவரில்லை, சட்டென்று முடிவு எடுத்துப் பழகியவர், அவ்வளவுதான்.

"இது ஒங்க குப்பந்தானம்மா?" என்று திரையைத் திருப்பினார். "மூணு வாரமா நாப்பத்தொரு படகுல ரெண்டே ரெண்டுதான் பதிவாகுது. ஊர்க்கட்டுப்பாடு போட்டு வேணும்னே பதியாம இருக்காங்கன்னு மேல நெனைக்காங்க. திங்கக்கெழம முடிவு எடுத்திருவாங்க. எல்லாப் படகையும் நிறுத்திட்டு, பதினஞ்சு நாளு பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லப் போறாங்களாம்."

"கட்டுப்பாடா? எனக்குத் தெரியாம எங்க ஊர்ல எது சார் கட்டுப்பாடு?"

"அப்ப அமுக்கத் தெரியாம இருக்காங்க. ரெண்டுல ஒண்ணுதானே? நூத்திப் பதினெட்டு புகார் வந்திருக்கு. அத்தனையும் பயனர் தவறுன்னு மூடியிருக்கு. அந்தக் கணக்கப் பாத்துத்தான் மேல முடிவுக்கு வந்திருக்காங்க. மூடினது யாருன்னு பாரும்மா."

பார்த்தாள். நூற்றுப் பதினெட்டின் பக்கத்திலும் ஒரே பெயர்தான் இருந்தது. அவள் பெயர். அதில் ஒன்று அவள் தம்பி திலீப்பின் புகார்.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் தன் ஊருக்கும் சொல்லியிருந்தாள். மறுபடி அழுத்துங்கள், முடியாவிட்டால் போனை அணைத்துப் போடுங்கள். பிறகு பெட்டியில் முதல் காரணம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. தன் ஊரார் மீதான தீர்ப்பைத் தன் விரலாலேயே நூற்றுப் பதினெட்டு முறை எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டாள்.

புதன்கிழமை, வானம் வெளுக்கும் முன் கரைக்குப் போனாள். அவளுடைய அம்மா பட்டம்மாள் வழக்கம்போல் கல்லின் மேல் உட்கார்ந்து படகுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு அது ஒரு வேலை. காலையில் போகும் படகைப் பேர் பேராக எண்ணுவார்கள், திரும்பும்போதும் எண்ணுவார்கள். பட்டம்மாளின் எண்ணிக்கை தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

திலீப் படகில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் உறையில் கட்டிய போனை நீட்டினான்.

"நல்லா பாத்துக்கோ யக்கா. இந்தா, அமுக்கறேன். இன்னா வருது? 'இந்தப் பெயரில் படகு இல்லை'யாம். அப்ப நான் எதுமேல நின்னுகினு கீறேன்? பூன மேலயா?"

"மறுபடி அமுக்குடா."

"இத்தத்தான போன்லயும் சொன்னே! அணைச்சுப் போடுன்னே. அணைச்சு அணைச்சு பட்டனே பேந்து பூட்ச்சு."

"அது எல்லாருக்கும் சொல்றதுடா."

"அக்காங். எல்லாருக்கும் சொல்றத தம்பிக்கும் சொன்னா பாரு, அதுக்குப் பேருதான் ஆபீசு."

பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. அவன் அழுத்திய விதத்தில் ஒரு குறையும் இல்லை. அதே செய்தியைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, தானே அழுத்தினாள். 'கடல்ராணி' என்ற பெயரோடு பக்கம் பளிச்சென்று திறந்தது. பக்கத்துப் படகின் செய்தியும் அவள் போனில் திறந்தது. அவர்கள் போனில் திறக்கவில்லை.

எல்லாப் போனையும் வாங்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே போன்.

இதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குப்பத்தில் இஞ்சினைத் தனியாக யாரும் வாங்குவதில்லை. ஊர் கூடி ஒரே வகையைத்தான் வாங்குவார்கள். நடுக்கடலில் ஒன்று நின்றால், பக்கத்துப் படகின் பையிலிருக்கும் பாகம் இதற்கும் பொருந்த வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் போன் வாங்கியபோதும் ஊர்த்தலைவர் லோகநாதன் அதே வழியைத்தான் சொன்னார்.

"ஆளுக்கொண்ணு வாங்கினா ஆளுக்கொரு பேஜாரு" என்றார் அவர் இப்போதும், வலையை உதறிக்கொண்டே. "ஒரே போனு, ஒரே சார்ஜரு. ஒருத்தனுக்குத் தெரிஞ்சா நாப்பது பேருக்கும் தெரியும். அந்த மஞ்ச உருண்ட கீது பாரு, அதான் நாங்க தெறக்கறது. தமிழ்ல படிச்சும் காட்டுது. கடலுக்குள்ள சிக்னல் இத்துணூண்டு இருந்தாலும் ஓடுது."

மஞ்சள் உருண்டை என்று அவர் சொன்னது, போனோடு வந்த ஒரு பிரவுசர். நாற்பத்தொரு போனிலும் அதுதான்.

"எப்பத்துலேர்ந்து தெறக்கல?"

"மூணாந் தேதிலேர்ந்து. அன்னிக்கு அந்த உருண்ட தானா மாறிச்சு. புதுசா படம்லாம் வந்துச்சு."

எல்லாப் போனிலும் ஒரே நாளில் மாறியிருக்கிறது. பதிவு நின்றதும் அதே நாளில்தான். திலீப்பின் போனிலேயே வேறொரு பிரவுசரில் அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தாள். திறந்தது. கையும் சரி, போனும் சரி. மிச்சமிருந்தது மஞ்சள் உருண்டை மட்டும்.

கிளம்பும்போது பட்டம்மாள் கல்லிலிருந்தபடியே குரல் கொடுத்தாள். "இன்னிக்கு நாப்பது. ராமதாஸ் போவல, வல கிழிஞ்சி கீது."

அலுவலகத்துத் திரையில் அன்றும் இரண்டு என்றுதான் இருந்தது.

நிறுவனத்தின் புரோகிராமர் ஜீஷான், ராயபுரத்துக்காரன். அவனிடம் போய் நின்றாள்.

"ஜீஷானு, சர்வருக்கு வர்ற ஒவ்வொண்ணும் ஒரு வரியா எழுதி வெக்கும்னு சொல்லுவியே. எனக்கு ரெண்டு வரி வேணும். ரெண்டும் கடல்ராணி படகு. ஒண்ணு காலைல என் போன்லேர்ந்து வந்தது, இன்னொண்ணு திலீப் போன்லேர்ந்து."

"லாகு உனுக்கு எதுக்கு யக்கா? படிச்சா தல சுத்தும்."

"சுத்தட்டும். பேப்பர்ல எடுத்துக் குடு."

அவனும் பார்த்திருக்கலாம். ஆனால் கையில் வேறு மூன்று வேலைகள் இருந்தன. குப்பத்துக்காரர்களின் தவறு என்று மூடப்பட்ட புகார் அவன் மேசைக்கு வருவதே இல்லை. இரண்டாவது, மூன்றாவது காரணம் போட்டால்தான் வரும். அந்த வழியை அடைத்தவளும் அவள்தான்.

இரண்டு வரிகளும் தாளில் வந்தன. எண்ணும் எழுத்தும் சதவீதக் குறியுமாக, பார்த்தால் ஒரு பொருளும் விளங்கவில்லை. அவளுக்கு அது படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு வலையைப் பக்கத்தில் விரித்துக் கண்ணி கண்ணியாக ஒப்பிடத் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தாளுக்குக் கீழ் இன்னொன்றை வைத்து, அடிக்கோலை நகர்த்திக்கொண்டே போனாள். தொடக்கத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. படகின் பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டாவது வரி நீளத் தொடங்கியது. முதல் தாளில் சதவீதக் குறி இருந்த இடத்திலெல்லாம் இரண்டாவது தாளில் அந்தக் குறிக்குப் பின்னால் இருபத்தைந்து என்ற எண் செருகப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு இடத்தில் இல்லை, ஒவ்வொன்றிலும். எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

தெரியாமல் அழுத்துகிற விரல் இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யாது.

தாளைப் பார்த்ததும் ஜீஷான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டான்.

"யக்கா! மெய்யாலுமே நீதான் கண்டுபுடிச்சியா?"

"தல அப்புறம் சுத்தட்டும். இன்னா இது, சொல்லு."

"தமிழ் எழுத்து அப்பிடியே முகவரில போவாது. ஒரு உறைல போட்டு ஒட்டித்தான் அனுப்பணும். நாம அனுப்பற செய்திலயே ஒட்டித்தான் அனுப்பறோம். மத்த பிரவுசர்லாம் ஏற்கெனவே ஒட்டி கீதுன்னு பாத்து வுட்ருது. இந்த மஞ்ச உருண்ட, டேட்டா மிச்சம் புடிக்கறேன்னு எல்லாத்தையும் அதோட கம்பெனி வழியா அனுப்புது போல. அங்க எவனோ ஒட்டின உறைய இன்னொரு உறைல போட்டு ஒட்டறான். அந்த சதவீதக் குறி மொத ஒட்டு, இருபத்தஞ்சு ரெண்டாவது ஒட்டு. நம்ம சர்வரு ஒரு உறையப் பிரிக்குது. உள்ள கடல்ராணி இல்ல, இன்னொரு உறதான் கீது. அப்பிடி ஒரு படகே இல்லன்னு திருப்பி அனுப்பிடுது."

"அப்ப அந்த ரெண்டு படகு மட்டும் எப்பிடிப் போவுது? அவங்களும் அதே போனுதான்."

"பேரு இன்னா?"

"டைகர், ராக்கெட். இங்கிலீஷ் எழுத்துல பதிஞ்சி கீது."

ஜீஷான் மேசையில் ஓங்கித் தட்டினான். "இங்கிலீஷ் எழுத்துக்கு உறையே வேணாம் யக்கா! உற இல்லேன்னா இன்னொரு உற எங்கேர்ந்து வரும்?"

மூன்று வாரமாக ஊர்க்கட்டுப்பாட்டை மீறிய இரண்டு நல்லவர்கள் என்று மேலிடத்தில் யாரோ குறித்து வைத்திருந்தது இந்த டைகரையும் ராக்கெட்டையும்தான்.

வெள்ளிக்கிழமை வெள்ளத்துரையின் மேசையில் இரண்டு தாள்களையும் அடிக்கோலையும் வைத்தாள். அவர் ஒருமுறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"சரிம்மா. பிரவுசர் தப்புன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சு. அப்ப ரொம்ப லேசுல்லா? 'வேற பிரவுசர்ல திறக்கவும்'னு பக்கத்துல ஒரு வரி போட்டுருவோம். நம்ம மேல பழி இல்ல."

"அந்த வரிய அவங்க எதுல சார் படிப்பாங்க?"

"என்னது?"

"அந்தப் பிரவுசர்தான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுது. சிக்னல் இல்லாத எடத்துலயும் அதுதான் ஓடுது. அத மாத்தச் சொன்னா, பதியறதுக்காகக் கடல்ல மத்ததெல்லாம் வுடணும். நாப்பத்தொரு பேரு மாத்தறதுக்கு பதிலா நாம ஒரு எடத்துல மாத்தலாம். உள்ள இன்னொரு உற இருந்தா, அதையும் பிரிச்சிப் பாக்கச் சொல்லலாம்."

"யாரோ ஒட்டின உறைய நாம ஏன் பிரிக்கணும்?"

"கடுதாசி நம்ம வூட்டுக்கு வந்ததாச்சே சார்."

வெள்ளத்துரை ஜீஷானைப் பார்த்தார். முடியுமா என்று கேட்கும் பார்வை அது.

"நாலு வரி சார். பேருக்குள்ள மெய்யாவே சதவீதக் குறி இருந்தாத்தான் குழப்பம். படகுக்கு எவன் சார் 'நூறு சதவீதம்'னு பேரு வெப்பான்?"

"எங்க ஊருல வெப்பாம்ல" என்றார் வெள்ளத்துரை. ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

சனிக்கிழமை விடியலில் கன்னியம்மா கரையில் நின்றாள். ஜீஷான் வீட்டிலிருந்தபடி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் இருந்தான். பட்டம்மாள் கல்லின் மேல் இருந்தாள். யாருக்கும் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எப்போதும்போல் அழுத்துங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"கடல்ராணி வந்துச்சு யக்கா" என்றது போன்.

திலீப் படகிலிருந்து கத்தினான். "யக்கோவ்! பூன இல்லியாம், படகுதானாம்!"

அதன் பிறகு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜீஷான் சொல்லச் சொல்ல, அந்தப் படகு அலையைத் தாண்டுவதைக் கன்னியம்மா கண்ணால் பார்த்தாள். இஞ்சின் சத்தத்துக்கு நடுவே முப்பது, முப்பத்தைந்து என்று எண்ணிக்கை ஏறியது. ராமதாஸும் வலையைத் தைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். கடைசிப் படகு கல்வரிசையைக் கடந்ததும், "எத்தினிமா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு."

"ஜீஷானு, உனுக்கு?"

"நாப்பத்தொண்ணு யக்கா. சோக்கா கீது!"

பட்டம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இத்த எண்றதுக்கு ஒரு ஆபீசா?" என்றாள். மகளை ஏற இறங்க ஒருமுறை பார்த்துவிட்டு, மீன் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பட்டம்மாள் பாராட்டினால் அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் மிகை. எங்கேனும் ஒரு பெரிய நிறுவனத்தில் இதே பிழையை யாரோ அரைமணி நேரத்தில் பிடித்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று வாரத்தில், அந்த ஊரில், பதிவுப் பக்கத்தை எழுதியவர்களோ பயிற்சி வகுப்புக்குத் தேதி குறித்தவர்களோ இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரே நாளில் நாற்பது பேர் எப்படி ஒன்றாக மறப்பார்கள் என்று கேட்கவும் இல்லை. ஊர் ஒன்றாகச் செய்ததை எல்லோரும் சதி என்று படித்தபோது, ஒரே போன் என்று படித்தவள் அவள் ஒருத்திதான். தாமதமாகத்தான் படித்தாள், அதை அவள் மறைத்ததும் இல்லை.

திங்கட்கிழமை அந்த முடிவு எடுக்கப்படவில்லை. படகுகள் நிற்கவில்லை. குப்பத்திலிருந்து லோகநாதன் நான்கு பேரோடு ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறி வந்தார். அலுவலகம் முழுக்க மீன் வாசனை. வெள்ளத்துரை மூக்கைச் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, "ஒங்க ஊருப் பிள்ளைதான் செஞ்சது" என்றார். "தெரியும் நைனா" என்றார் லோகநாதன். "எங்க ஊர்ல கட்டுப்பாடுன்னா இதான். ஒருத்தி செஞ்சா ஊரே செஞ்சாப்பல."

அவர்கள் இறங்கிப் போன பிறகு கன்னியம்மா தன் இடத்தில் உட்கார்ந்து, மூடிய புகார்களின் பட்டியலைத் திறந்தாள். நூற்றுப் பதினெட்டு.

"மூடினத ஏம்மா தோண்டுத? விட்டுரு, யாரும் பாக்கப் போறதில்ல" என்றார் வெள்ளத்துரை.

"தப்பா மூடியிருக்கு சார்."

ஜீஷான் எட்டிப் பார்த்தான். "மாத்தறதுன்னா ரெண்டாவது காரணத்தத் தட்டு யக்கா. பிற மென்பொருளின் தவறு. நீயே தாள் வெச்சு நிரூபிச்சது. உன் பேருக்கும் ஒண்ணும் ஆவாது."

அவன் சொன்னது உண்மை. அந்தப் பிரவுசர்தான் தவறு செய்தது. அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த மாடியில் யாருமில்லை. மூன்றாவது காரணத்தைத் தட்டினால், அது மூடியவரின் பெயரில் பிழையாக ஏறும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் நூற்றுப் பதினெட்டு முறையும் மறுபடி அழுத்தச் சொல்லி மூடியது பிரவுசர் இல்லை.

முதல் புகாரைத் திறந்து, பெட்டியில் மூன்றாவதைத் தட்டினாள். எங்கள் தவறு. அடுத்தது. அதற்கும் எங்கள் தவறு. மாலை வரை ஒவ்வொன்றாக அதையே செய்தாள். அந்த மாதக் கடைசியில் சுவரிலிருந்து அவள் படம் இறங்கியது. அதிகப் பிழை செய்தவர்கள் வரிசையில் அவள் பெயர் முதலில் வந்தது. ஏன் என்று ஜீஷான் மூன்று முறை கேட்டான். பொன்ராஜும் கேட்டார். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை கடைசியில் மிஞ்சியது திலீப்பின் புகார். அதைத் திறந்து, அதற்கும் மூன்றாவதைத்தான் தட்டினாள்.